மூஞ்சூறின் பெரியப்பா

கிட்ட வந்து உட்காருங்க, சின்னக் கதைதான்.

பேய் வேஷம் போடும் ஹாலோவீன் நாள் என்று பிள்ளைகள் சமையற்கட்டுத் தரையில் ஒரு சோதனை வைத்தார்கள். சின்ன பாட்டிலில் வினிகர். பேய்முகம் வரைந்த வெள்ளை பலூனில் ஆப்ப சோடா போட்டு, பாட்டிலின் வாயில் மாட்டித் தொங்கவிட்டார்கள்.

"பலூனைத் தூக்கினால் சோடா விழும், பேய் உப்பும். சாப்பிட்டு வந்து செய்யலாம்" என்று பேசிக்கொண்டே போனார்கள். அடுப்படியில் ஒளிந்திருந்த மூஞ்சூறு அதைக் கேட்டுக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வந்த பூனை, மூஞ்சூறைப் பாட்டிலோடு சேர்த்து மூலையில் மடக்கியது.

"தின்னுக்கோ அக்கா. அதுக்கு முன்னாடி, செத்துப்போன எங்க பெரியப்பாவை ஒருதரம் கூப்பிட்டுக்கிறேன்."

"உங்க வம்சத்துக்குப் பேய் வேறயா? கூப்பிடு, அவரையும் சேர்த்துத் தின்கிறேன்."

மூஞ்சூறு பலூனைத் தலையால் முட்டித் தூக்கியது. புஸ்ஸென்று நுரை பொங்க, பெரியப்பா கண்ணை விரித்துக்கொண்டு எழுந்தார். பூனை ஒரே தாவலில் பீரோ மேலே!

"எ... என்ன கேக்கிறாரு?"

"பசிக்குதாம். பூனை இல்லேன்னா பால் போதுமாம்."

"என் கிண்ணத்துல இருக்கு, எடுத்துக்கோ தம்பி!"

மூஞ்சூறு கிண்ணத்தை இழுத்து வந்து பெரியப்பாவுக்குப் படைத்தது, விழுந்து கும்பிட்டது, பிறகு சொட்டு விடாமல் தானே குடித்தது.