மூணு 'டிக்'

"மூணு... ரெண்டு..."

"டிக்!"

சுத்தியல் விழவே இல்லை. அதற்குள் கேமரா நின்றுவிட்டது.

"ஏன்யா, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" மேடம் சீறினார்.

கிளி பல்லைக் காட்டினார். மீசை நரைத்தும் சேட்டை நரைக்காத டெக்னீஷியன். கதவு கிறீச்சிடுவதிலிருந்து டைரக்டர் தும்முவது வரை அச்சு அசலாக வரும். இன்றைக்கு, கண்ணாடி விரிசல் விடும் சத்தம்.

நொடிக்குப் பத்து லட்சம் படம் எடுக்கும் கேமரா சென்சார் அது. 'டிக்' கேட்டதும் நின்று, அதற்கு முந்தைய நூறு படங்களை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏமாந்து நின்றுவிட்டாலோ, குளிரவைத்து மறுபடி தயாராக்கக் கால் மணி நேரம்.

அதை வடிவமைத்தவர் மேடத்தின் கணவர். அது படம் பிடிப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நாலு மணிக்கு மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடி விரிசல் விடும் படம் ஒன்றாவது காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. சோதனைக் கண்ணாடிகளோ தீர்ந்துவிட்டன; புதுசுக்கு ஆர்டர் போட்ட பார்சலும் வந்தபாடில்லை. மிச்சம், கணவர் தண்ணீர் குடித்த கண்ணாடி டம்ளர். எட்டு மாதமாக மேடம் தினமும் காலையில் அதில் தண்ணீர் நிரப்பி வைப்பார். சாயங்காலம் அப்படியே கொட்டுவார்.

இன்றைக்கு மேடமே அதைச் சுத்தியலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"'இதோ வந்துட்டேன் சார், திருப்பத்துல நிக்கறேன்!'" பார்சல்காரன் குரலில் சொன்னார் கிளி.

"காலையிலேர்ந்து திருப்பத்துலதான் நிக்கறான்! அவர் இருந்தா, 'டம்ளர்தானே... போட்டு உடை'ம்பார்."

கணவரைப் போலவே இழுத்துச் சொல்லப் பார்த்தார் மேடம். வரவில்லை.

மறுபடி எண்ணினார். மறுபடி "டிக்!"

திரையில் நூறு படங்கள். நூறிலும் டம்ளர் முழுசாக நின்றது. மேடம் தேவைக்கு மேல் ஒரு கணம் பார்த்துவிட்டு அழித்தார்.

மூன்றாவது முறையும் "டிக்!"

"நீயெல்லாம் மனுஷ ஜென்மமா? வெளிய போய்யா!"

சென்சார் குளிர்ந்து முடிந்தபோது கதவு திறந்தது. கிளி, கையில் பார்சலோடு.

புதுக் கண்ணாடி உடைந்தது. திரையில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல் கிளைவிட்டு ஓடியது, படம் படமாக.

மேடம் டம்ளரை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா?" என்றார் அதனிடம்.

பிறகுதான் கிளியைக் கவனித்தார். "இன்னும் போகலையா நீ? அவர் உயிரே இதுலதான்யா இருக்கு. உனக்கு விளையாட்டாப் போச்சு!"

அன்றைக்கு முதல் தடவையாகக் கிளி தன் சொந்தக் குரலில் பேசினார்.

"பார்சல் வர முக்கால் மணி நேரம் ஆகும்னாங்க மேடம். ஒரு 'டிக்'குக்குக் கால் மணி நேரம்னு கணக்குப் போட்டேன்."