இரண்டாவது டயர்

சின்ராசு கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினான். ரிமோட் காரின் குட்டி டயர் அசைந்து கொடுக்கவில்லை.

“வீல் விரிசல் விட்டிருச்சு, டயரு நல்லாத்தான் இருக்கு. கழட்டிப் புது வீல்ல ஒட்டலாம்னா பசை விடமாட்டேங்குது புள்ள.”

“அன்னைக்கு மட்டும் விட்டுச்சாக்கும்?” என்று சீண்டினாள் பவித்ரா.

அன்றைக்கு என்றால், ஒன்பது வருடத்துக்கு முன் குரங்கணியில் நடந்த ரிமோட் கார் பந்தயம். ஜெயிப்பவனுக்குப் பெங்களூரில் ஒரு பந்தயக் குழுவில் வேலை. முன்னால் போய்க்கொண்டிருந்த சின்ராசுவின் கார் கடைசிச் சுற்றில் இரண்டு டயர்கள் கழன்று, காபிச் செடிக்குள் கவிழ்ந்தது. அவன் போடியிலேயே ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தான். மறு வருடம் மாமன் மகள் பவித்ராவைக் கட்டினான். இப்போதும் அந்தப் பந்தயத்தைச் சொன்னால் அவன் கண் எங்கோ போய்விடும்.

கத்தி வழுக்கி விரலைக் கீறியது. பவித்ரா பதறினாள்.

“கத்திய வைங்க மாமா! கொதிக்கிற தண்ணியில பத்து நிமிசம் போட்டா தன்னால கழண்டுரப் போகுது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முகம் வெளுத்தது. பொய் சொல்ல வரவில்லை.

“பந்தயத்துக்கு மொத நாளு, அத்தை சந்தைக்குப் போனப்ப ஒரே ஒரு வீலைச் சுடுதண்ணியில போட்டுக் கழட்டிட்டு, டயரைச் சும்மா மாட்டி வச்சேன். நீங்க ஊரை விட்டுப் போயிருவீங்களோன்னு பயம்.”

சின்ராசு கத்தியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“எனக்கும் போக மனசில்ல புள்ள. ஒரு டயருக்கு நான் பசையே போடல. ரெண்டாவது டயரு எப்படிக் கழண்டுச்சுன்னுதான் இத்தன வருசமா மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன்!”