இல்லாத மாட்டுக்கு

“மாடே இல்லாதவளுக்குப் புல் எதுக்கு? சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்!”

வாய்க்கால் கரையில் அரிவாளும் கையுமாக நின்றவளை மடக்கிக்கொண்டு கத்தினார் அந்தப் பெரியவர். ஊரில் அவருக்குக் கறார் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரிக்கே மறந்துபோயிருக்கும்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. சண்டை இந்தப் பக்கம் திரும்பியதிலிருந்து, பட்டாளம் போகிற வழியெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போனது. வைக்கோல் போர் போச்சு, தவிட்டு மூட்டை போச்சு, கொட்டிலில் நின்ற ஆடு மாடும் போச்சு. காட்டுக்குள் ஓட்டி ஒளித்துவைத்ததில் ஒரு பசுவும் கன்றும்தான் அவருக்கு மிச்சம். அதுகளுக்கு இந்தக் கரைப் புல்லை விட்டால் வேறு கதி இல்லை. அதையும் தினம் யாரோ அறுத்துக்கொண்டு போனால்?

“தெரியாம அறுத்துட்டேண்ணா. விட்டுடுங்க.”

“தெரியாமலா? அறுத்து, கட்டி, தலைக்குச் சும்மாடு வரைக்கும் சுத்தி வெச்சிருக்கே. எல்லாம் தெரியாமலேதானா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உன் மாட்டைப் பட்டாளத்துக்காரன் ஓட்டிட்டுப் போனது ஊருக்கே தெரியும். அப்ப இது அவனுங்க குதிரைக்குத்தானே? என் கன்னுக்குட்டி வயிறு ஒட்டிக் கிடக்கு. நீ அது வாயிலேர்ந்து பிடுங்கி வித்துட்டு வர்றே. நல்லா இருப்பியா?”

“சத்தியமா விக்கலைண்ணா.”

“நட. உன் புருஷனையே கேட்டுடறேன்.”

அதுவரை கல் மாதிரி நின்றவள் அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். “அவர்கிட்ட மட்டும் வேண்டாம்ணா. ஊர் நடுவுல நிக்க வெச்சுக் கேளுங்க, வாங்கிக்கறேன். அவர்கிட்ட வேண்டாம்.”

கறார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புல்லுக்கட்டை அவள் தலையிலேயே ஏற்றி, முன்னால் நடக்க விட்டார்.

வீட்டை ஒட்டியே கொட்டில். உள்ளே எட்டிப் பார்த்தார்.

மாடு கட்டுகிற முளை மொட்டையாக நின்றது. அதைச் சுற்றிப் புல். நேற்றையது வாடி, முந்தாநாளையது மஞ்சளாகி, அடியில் இருந்தது மக்கிப்போய், எல்லாம் அப்படியே கிடந்தது.

“அடிப்பாவி! விக்கக்கூட இல்லையே.” அவர் குரல் இறங்கிவிட்டது. “எதுக்கும்மா இதெல்லாம்?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். “கை கால் விழுந்ததிலேர்ந்து அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கறது இல்லைண்ணா. பட்டாளம் வந்த அன்னிக்கு நான் தண்ணிக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா மாடு இல்லை. இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூக்கத்துல ஒண்ணும் தெரியலை போலிருக்குன்னு நானும் சொல்லலை. கன்னுலேர்ந்து கையால ஊட்டி வளர்த்தவர். போயிடுச்சுன்னு தெரிஞ்சா இருக்கற மூச்சும் நின்னுடும். பச்சைப் புல் வாசனை ஜன்னல் வழியா வந்துக்கிட்டே இருக்கணும். வரலைன்னா, மாட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பாரே.”

“யாரு வந்திருக்கா?” உள்ளேயிருந்து குரல் கேட்டது.

கறார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் முகம் மலர்ந்து சிரித்தார்.

“வாங்கண்ணே. நீங்களே நேர்ல வந்திருக்கீங்க! என்ன, என் மாடு உங்க கரையில வாய் வெச்சுடுச்சா?”

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கூப்பிட்டாளோ என்னவோ.

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா.” பொய் சொல்லிப் பழகாத வாய், கொஞ்சம் திக்கியது. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன். மாடு... நல்லா தின்னுக்கிட்டிருக்கு. பார்த்துட்டுத்தான் வர்றேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி கொண்டுவர்றேண்ணா” என்று அடுக்களைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம். கட்டிலில் இருந்தவர், வேலை செய்கிற ஒரே கையால் கறாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றிண்ணே. மாடு இல்லேன்னு அவ முன்னாடி போட்டு உடைக்காம விட்டீங்களே.”

கறாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கு நான் தூங்கலை. இந்த ஜன்னல்லதான் வந்து நின்னாங்க. மீசைகூட சரியா முளைக்கலை, அத்தனையும் சின்னப் பசங்க. கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. துப்பாக்கியைக்கூட நீட்டலைண்ணே, கையை நீட்டித்தான் கேட்டாங்க. நான்தான் அவிழ்த்துக்கிட்டுப் போங்கடான்னேன்.”

“நீயாவா கொடுத்தே? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?”

“அவ வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வந்தவ, ‘மாடு அசை போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு’ன்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை.”

“இப்பவாவது சொல்லேம்ப்பா. பாவம், உனக்காக அவ தினம் கரை கரையா அலையறா. இன்னிக்கு என்கிட்ட எவ்வளவு பேச்சு வாங்கினா தெரியுமா?”

அடுக்களையில் குடத்திலிருந்து தண்ணீர் சரிக்கும் சத்தம் கேட்டது. கட்டிலில் இருந்தவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சொன்னா, ஏன் கொடுத்தீங்கன்னு கேட்பாளே அண்ணே. பட்டாளத்துக்குப் போன நம்ம பிள்ளையும் இந்நேரம் எவன் வீட்டு ஜன்னல்ல பசியோட நிக்கறானோன்னு நினைச்சுத்தான் கொடுத்தேன்னு சொன்னா, பெத்தவளுக்கு அப்புறம் ஒரு வாய் சோறு இறங்குமா?”