'ங்க' வந்துருச்சு

"எங்க, சொல்லு கண்ணு!"

"மாட்டேனுங்க."

"ங்க வந்துருச்சு!" பத்தாம் வகுப்பே கத்திச் சிரிச்சுது.

சமூக அறிவியல் வாத்தியார் கிருபாசங்கர் நெத்தீல அடிச்சுக்கிட்டார். பாடம் என்னமோ அடிப்படை உரிமைதான். மனுசன் புஸ்தகத்த மூடி வெச்சுப்போட்டு ஒரு வாரமா 'மாட்டேன்'னு சொல்லப் பழக்கறார்.

"உரிமைங்கறது மார்க்குக்கு இல்ல கண்ணுகளா, பொழப்புக்கு. புடிக்காததச் செய்யச் சொன்னா மாட்டேன்னு சொல்லோணும். மாட்டேனுங்கன்னா என்ன அர்த்தம் தெரியுமா? 'இன்னொருக்கா கேளுங்க, சரின்னு சொல்லிப்போடறேன்'!"

புது மாப்பிள்ளை மாமனார்கிட்ட நெளியறாப்புல நெளிஞ்சும் காட்டினார். கிளாஸே உருண்டுது. 'மாட்டேனுங்க'ன்னு சொல்லிப்போட்டு நின்ன மோகனப்பிரியா மட்டும் சிரிக்கல.

"பாடம் நடத்தச் சொன்னா, புள்ளைகளுக்குத் திமிரு கத்துக் குடுக்கறாரு" ஸ்டாப் ரூம்ல இதே பேச்சு.

வெள்ளிக்கிழமை வாத்தியாரக் கூப்பிடத் தாளாளர் ரூம்ல இருந்து ஆள் வந்துச்சு. உள்ள போனா, மோகனப்பிரியாவும் அவ அப்பன் சுப்பண்ணனும் நிக்கறாங்க. புள்ளைக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. டிசி வாங்க வந்திருக்கார்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு அம்மணி" தாளாளர் பேனாவ நீட்டினார். "மாப்பிள்ளை நம்ம சொந்தந்தான். தங்கமான பையன்."

மோகனப்பிரியா வாத்தியாரப் பார்த்தா. மூச்ச இழுத்தா.

"மாட்டேன்."

ங்க இல்ல. மருந்துக்குக்கூட இல்ல. வாத்தியாருக்குக் கை தட்டோணும்போல இருந்துச்சு.

சுப்பண்ணன் வாயப் பொளந்தார். தாளாளர் மெதுவாத் திரும்பினார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

சிரிச்சுட்டேதான் கேட்டார். வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல. அடுத்த மாசம் ஆகும்னு இதே தாளாளர்தான் சொல்லியிருந்தார்.

கை தானாக் கட்டிக்கிச்சு.

"இல்லீங்க... நான் இல்லீங்க. புஸ்தகத்துல இருக்கறதத் தவிர வேறொண்ணும் நடத்தறதில்லீங்க."

மோகனப்பிரியா பேனாவக் கையில எடுத்தா. தலை நிமிராம, அவருக்கு மட்டும் கேக்கறாப்புல சொன்னா:

"சார்... ங்க வந்துருச்சுங்க."