அம்மா நடந்துவிட்டால்

"உக்காரும்மா. யாரு உன்ன எழுந்துக்கச் சொன்னது?"

வாசலில் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்தான் இளங்கோவன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்த ஜெயம்மாளின் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தான். மூலையில் சாத்தியிருந்த கைத்தடியை எடுத்துவந்து அவள் கையில் திணித்தான்.

திருத்தணியில் அந்தத் தெருவுக்கே அவன்தான் பேச்சு. போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வந்ததிலிருந்து அவளைத் தரையில் கால் வைக்க விடுவதில்லை. கூப்பிடுவதற்கு நாற்காலியில் ஒரு மணிகூடக் கட்டிவைத்திருந்தான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

"தண்ணி குடிக்கத்தான்டா எழுந்தேன்" என்றாள் ஜெயம்மாள்.

"மோகனா இன்னா பண்றா? மணி அடிச்சா குடுக்க மாட்டாளா?"

அவன் மனைவி மோகனப்ரியா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். முகம் களைத்துப்போயிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள், அம்மாவுக்கு உடற்பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி பெண் யுவஸ்ரீ உள்ளே வந்துவிட்டாள்.

"கையக் குடுங்கம்மா, எழுந்திருக்கலாம்." ஜெயம்மாளின் கையைப் பிடித்தவள் சிரித்தாள். "இன்னாம்மா, விரலெல்லாம் மஞ்சளா இருக்குது?"

"வாசக்காலுக்கு வெச்சேம்மா. கிருத்திகையாச்சே." ஜெயம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இளங்கோவன் பெண்டாட்டியை முறைத்தான். "நான் பொதட்டூர்பேட்டைக்குக் கடைக்கு லுங்கி எடுக்கப் போனா, நீ எங்கம்மாவக் குனிய உட்டுகினு இருக்கியா?"

"குனியட்டுமே சார்" என்றாள் யுவஸ்ரீ. "இனிமே எல்லாம் செய்யலாம்னு ஆபரேஷன் பண்ண டாக்டரே சொல்லிட்டாரு. மாடிப்படிகூட ஏறி எறங்குறாங்க. தினம் பழகுறோம்."

"மாடிப்படியா?" இளங்கோவனுக்கு வேர்த்துவிட்டது. "குணமாக்கச் சொன்னா, அதுக்குன்னு இவ்ளோ சீக்கிரமாவாம்மா குணமாக்குவே?"

யுவஸ்ரீ விழித்தாள். அவள் தொழிலில் இப்படி ஒரு புகாரை இதுவரை கேட்டதில்லை.

விஷயம் இதுதான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தபோது, இளங்கோவன் மலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு அழுதான். "முருகா, எங்கம்மா தடி புடிக்காம நடந்துட்டா, அடுத்த கிருத்திகைக்கே அடிவாரத்துலேர்ந்து படிபூஜை பண்ணிகினே மலை ஏறி வரேன்." கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அந்த ஜோரில் அவனும் இன்னும் கொஞ்சம் அழுதான்.

அழுகை நின்ற பிறகுதான் மலையின் உயரம் கண்ணில் பட்டது. தெருமுனைப் பால் கடைக்கே வண்டியில் போகிற உடம்பு அது. அம்மா கையில் தடி இருக்கும்வரை தனக்கு ஆபத்தில்லை என்று கண்டுபிடித்தான். போதாக்குறைக்கு, கிருத்திகை வந்தால் ஊரிலேயே இருக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவனுடைய அத்தை கோமளவல்லி எட்டிப் பார்த்தாள். அன்றைக்குத் தியேட்டர் வாசலில் அழுதவர்களில் அவள்தான் முதல் ஆள்.

"இளங்கோ, உன் வேண்டுதல் இன்னாடா ஆச்சு? கிருத்திகை மேல கிருத்திகை போய்கினே இருக்குது."

"நான் இன்னா மாட்டேன்னா சொல்றேன் அத்தே? அம்மா தடிய உடணுமே. பாரு, இன்னும் புடிச்சிகினுதான் இருக்காங்க."

ஜெயம்மாள் தடியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். தடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்து, நேராக வாசல்வரை நடந்து, திரும்பி வந்து நின்றாள்.

"முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் அத்தை.

அந்தப் பெயரைக் கேட்டதும் இளங்கோவன் அவசரமாகக் குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தான். "இதெல்லாம் ஒரு நடையா அத்தே? இடது பக்கம் லேசா சாயுது. யுவஸ்ரீ, நீயே சொல்லு, சாயுதா இல்லியா?"

"இல்ல சார்."

"இந்தச் சித்திரை போகட்டும். வெயில் கொறையட்டும்."

"நீ சாமியாண்ட சொன்ன வார்த்த, அது பெத்தவ தலையிலதான்டா நிக்குது" என்றாள் அத்தை. "அவ மறுபடியும் விழுந்துட்டா இன்னா பண்ணுவே?"

அது சுருக்கென்று தைத்தது. என்ன இருந்தாலும் அம்மா மேல் உயிர்தான் அவனுக்கு. இந்த முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நின்றபடியே முட்டியைத் தடவிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"சரி, ஏறுறேன்" என்றான் ஈனசுரத்தில். "மூச்சு நின்னாலும் நிக்கட்டும். வர்ற கிருத்திகைக்கு ஏறுறேன்."

மோகனப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஜெயம்மாள் அவனருகே வந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். சுவரோரம் இருந்த தடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உக்காரு நைனா. ஒரு படி விடாம மஞ்சள் குங்குமம் வெச்சி, உன் வேண்டுதல நானே காலையில ஏறி முடிச்சிட்டேன்."