ஐந்தாம் பட்டத்துக்குக் கால் மைல்

ஒஹையோ வெயிலில் தார்ப்பாதை நெளிகிறது. கால் மைல் பைக் பந்தயத்தின் இறுதிச் சுற்று. நான்குமுறை சாம்பியனான டார்லீன் தலைக்கவசத்தை எடுக்கிறாள். "போன வருஷம் எதிராளி அவசரப்பட்டான், உங்களுக்குக் கோப்பை கெடச்சுது. இன்னிக்கு அந்த அதிர்ஷ்டமெல்லாம் கெடையாது மேடம்," என்கிறான் பக்கத்துத் தடத்து பிரென்ட். "காதுல போட்டுக்காத," என்று பைக்கைப் பிடித்திருக்கும் கணவன் ராய்ஸ் முணுமுணுக்கிறான். "போட்டுக்கிட்டேன்," என்கிறாள். நின்ற இடத்திலேயே சுழன்று சூடேறும் பின்சக்கரங்களின் ரப்பர் புகை எல்லோரையும் மூடுகிறது. விளக்குக் கம்பத்தில் மஞ்சள். பச்சைக்கு முன்பே பிரென்ட் பாய்ந்துவிட, அவன் பக்கம் தகுதியிழப்புச் சிவப்பு எரிகிறது. அவ்வளவுதான், அவள் இனி உருட்டிக்கொண்டு போனாலும் பட்டம் அவளுக்கே. டார்லீன் கைப்பிடியை முழுக்கத் திருகுகிறாள். சிவப்பைப் பார்க்காமல் உயிரைக் கொடுத்து ஓட்டும் பிரென்டை, முடிவுக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் தாண்டுகிறாள்.