அடிவயிற்றில் ஒளி

கறுப்புத் திரையில் கணவனின் உடல் புள்ளி புள்ளியாக உருவாகிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அசையாமல் படுத்திருந்தான். இந்தப் பக்கம், ஸ்கேன் எடுப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றாள். ஆய்வகத்தில் இதே மாதிரிக் கருவிகளைச் செய்பவள் என்பதால் உள்ளே விட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு புள்ளியும் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊசியில் ஏற்றிய மருந்து எதிர்ப்பொருளின் துகள்களை உமிழ்கிறது. ஒவ்வொன்றும் அவன் உடலின் துகள் ஒன்றைச் சந்திக்கும். இரண்டும் இல்லாமல் போகும். ஒளி மட்டும் வெளியே வரும்.

ஆதியில் பிரபஞ்சம் முழுக்க இதுதான் நடந்தது. பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று தின்று தீர்த்திருக்க வேண்டும். ஏனோ பொருள் ஒரு துளி அதிகமாக இருந்தது. அந்தத் துளிதான் விண்மீன்கள், இந்த அறை, பேருந்து ஓட்டும் அவள் கணவன்.

அந்த ‘ஏனோ’வைத் தேடுவதுதான் அவள் வேலை.

இன்று அது வேண்டாம். போன வருடம் அவன் குடலில் ஒரு கட்டியை வெட்டியெடுத்தார்கள். திரும்ப வந்திருந்தால் மருந்து அங்கே சேர்ந்து அந்த இடம் ஒளிரும்.

மூளை ஒளிர்ந்தது. அது எல்லோருக்கும் ஒளிரும். நெஞ்சு தாண்டியது. ஈரல் தாண்டியது.

அடிவயிறு வெள்ளையாகப் பற்றி எரிந்தது.

இவ்வளவு தெளிவான சமிக்ஞையை அவள் எந்தத் திரையிலும் கண்டதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுப்பவர் மைக்கை அழுத்தி, படுக்கும் முன் சிறுநீர் கழித்தாரா என்று கேட்டார். இல்லை என்றான்.

மருந்தெல்லாம் சிறுநீர்ப்பையில் சேர்ந்து கிடக்கிறது, அதன் பின்னால் என்ன இருந்தாலும் தெரியாது என்று அலுத்துக்கொண்டார். அவனை எழுப்பி அனுப்பினார். வந்து படுத்ததும் அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தார்.

இருட்டு. வெட்டித் தைத்த இடத்தில் ஒரு பொட்டுகூட இல்லை.

மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் ஸ்கேன் எடுப்பவர். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

அவள் குனிந்து மைக்கை அழுத்தினாள். திட்டத்தான் நினைத்தாள். கேள்விதான் வந்தது.

“போயிட்டு வரச் சொன்னாங்கல்ல? ஏன் போகல?”

“பஸ் ஓட்டுறவனுக்கு அடக்கத் தெரியாதா? எதிர்ப்பொருள் எங்கயுமே மிஞ்சலன்னு தினமும் நீதானே பொலம்புவ. உனக்குக் கொஞ்சம் கெடச்சுதேன்னு பாத்தேன். கக்கூஸ்ல விட மனசு வரல.”